போர்வையைத் தாண்டும் வண்டி

வாங்க அண்ணாச்சி, வாங்க. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டார்கள். புரோக்கர் அனுப்பினாரா? வீடு பார்க்கத்தானே? தெரியும். உட்காருங்க. காலை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்க, கீழே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பயப்படாதீங்க, கடிக்காது. உங்கள் காலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும். இடது பக்கம் பார்க்கும், வலது பக்கம் பார்க்கும், எது காலியோ அந்தப் பக்கம் போய்விடும். பாருங்க. போய்விட்டதா? அவ்வளவுதான் அதன் வேலை.

நீங்கள் பார்க்க வந்தது இந்தப் பக்கம் இல்லை அண்ணாச்சி. அந்தப் பக்கம். கம்பியில் போர்வை தொங்குகிறது பாருங்க, அதற்கு அப்புறம் அண்ணன் பங்கு. இப்புறம் நான். என் பங்கு விற்பனைக்கு இல்லை. அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார், காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருப்பார். மதினியும் கூடப் போயிருக்கிறார்கள். மதினி என்றால் அண்ணன் சம்சாரம், ஜெயந்தி மதினி. அவர்களுக்குப் பின்பக்கச் சந்தில் வாசல். வந்தால் இங்கே சத்தம் கேட்கும். நானே சொல்கிறேன், நீங்கள் சுற்றிக்கொண்டு போகலாம்.

இல்லை இல்லை, போர்வையை விலக்க வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. இரண்டு வருஷமாக அதை யாரும் தாண்டியதில்லை. நான் போனதில்லை, அவர் வந்ததில்லை. காலடியில் ஓடுகிறதே, நான் செய்த இந்த வண்டி, அது மட்டும்தான் போயிருக்கிறது. அதுவும் இப்போது போவதில்லை. நிறுத்திவிட்டேன். சாமான்ய வேலை இல்லை அது.

காபி போடட்டுமா? போட்டுவிடுகிறேன், ஒரு நிமிஷம்.

இங்கே அடுப்படியிலிருந்தே பேசுகிறேன், கேட்கிறதா? அண்ணன் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் யாரைப் பற்றியும் குறை சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் அடுப்படியில் மழைக்கு ஒழுகும். போன மழைக்குக்கூட மதினி குண்டான் வைத்து எடுத்தார்கள், சொட்டுச் சொட்டென்று கேட்டது. ஜன்னல் கட்டையில் கரையான். குழாயில் உப்புத் தண்ணீர். சும்மா சொல்கிறேன், வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

இந்தாங்க. சர்க்கரை போதுமா?

பங்கு பிரித்த கதையைப் புரோக்கர் சொல்லியிருப்பார். கோவில்பட்டியில் அது தெரியாதவர்கள் குறைவு. ஆனால் எல்லோரும் அண்ணன் சொன்ன மாதிரியே சொல்வார்கள். நடந்தது என்ன என்றால், ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்பு. பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். நான் அப்போதுதான் ஓசூரில் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்கு முன்னால் திருப்பூர். அதற்கு முன்னால் கோயம்புத்தூர், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அங்கே மேனேஜர் சரியில்லை. யாரோ கேட்டார்கள், “நவநீதன் இப்ப எங்கப்பா இருக்கான்?” என்று. என்னிடம் கேட்டிருக்கலாம், நான் அங்கேதான் இருக்கிறேன். அண்ணனிடம் கேட்டார்கள். அண்ணன் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்கிறார்: “அவன் பம்பரம்லா. சுத்துற வரைக்கும் சுத்துவான். நின்னா விழுந்துருவான்.”

பந்தியே சிரித்தது. அப்பளம் வைத்துக்கொண்டு வந்தவன்கூடச் சிரித்தான். அவன் யாரென்றே எனக்குத் தெரியாது.

நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். “என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துருங்க” என்று சொன்னேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க, பந்தியில் கோபத்தில் ஒருத்தன் பங்கு கேட்டால் உடனே பிரித்துக் கொடுத்துவிடுவார்களா? ‘போடா கிறுக்கா, உக்காந்து சாப்பிடு’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதானே? அதற்கென்ன செலவா? அடுத்த வாரமே எட்டயபுரம் மாமா டேப்போடு வந்து நிற்கிறார். நடுக்கூடத்தை அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, “தை பொறந்ததும் சுவர் வச்சிக்கிடுங்க. அதுவரைக்கும் எதையாவது கட்டித் தொங்கவிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதினி இரண்டு பருத்திப் போர்வையைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டார்கள்.

எந்தத் தை என்று மாமா சொல்லவில்லை. நான் போய்க் கொத்தனாரைக் கூப்பிட முடியாது. பங்கு கேட்டதும் நான், சுவர் வைப்பதும் நான் என்றால் ஊர் என்னைக் காறித் துப்பும். அவர்தான் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கென்ன தெரியும். சிமெண்ட் விலை ஏறியது காரணமாக இருக்கும்.

சரி, அது கிடக்கட்டும். வண்டியைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம்?

கையில் எடுத்துப் பாருங்க. அடிப்பாகம் பழைய டிபன்பாக்ஸ் மூடி. பின்னால் இரண்டு சக்கரம், ஆளுக்கொரு மோட்டார். முன்னால் ஒரு சின்ன உருண்டை இருக்கிறதே, அது அக்குளில் உருட்டுகிற சென்ட் பாட்டிலில் இருந்து பிடுங்கியது. எந்தப் பக்கமும் உருளும், கடையில் விற்கிற முன்சக்கரத்தைவிட நல்லது. பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் இருந்து எடுத்தேன். மேலே இரண்டு வட்டம், கண் மாதிரி. பார்க்கத்தான் கண், உண்மையில் அது வாயும் காதும். ஒரு வட்டம் நமக்குக் கேட்காத ஒரு சத்தத்தைப் போடும். அந்தச் சத்தம் எதிரே இருக்கிறதில் மோதித் திரும்பி வரும். இன்னொரு வட்டம் அதைக் கேட்கும். சீக்கிரம் வந்தால் கிட்டத்தில் ஏதோ இருக்கிறது. லேட்டாக வந்தால் தூரத்தில் இருக்கிறது. வரவே இல்லை என்றால் எதிரே ஒன்றுமே இல்லை, தாராளமாகப் போ. இவ்வளவுதான் அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது.

ஆடி மாதம் முதல்முறை ஓடவிட்டேன். பீரோவைப் பார்த்தது, திரும்பியது. கேஸ் சிலிண்டரைப் பார்த்தது, திரும்பியது. சுவரைச் சாய்வாகப் பார்த்தால் கொஞ்சம் தடுமாறும், சத்தம் வேறு பக்கம் சிதறிவிடும். அதற்குத் தலையை இப்படி இப்படித் திருப்ப வைத்தேன். ஸ்டூல் கால் மெலிசு, அதில் முட்டியது. அதற்கும் ஒரு வழி செய்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிலும் முட்டாமல் ஒரு பொருள் தன்பாட்டில் இந்த வீட்டில் நடமாடுகிறது என்றால் சும்மாவா?

அப்போதுதான் அது நேராக அந்தப் போர்வையைப் பார்த்துப் போனது. நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறேன். நிற்கவில்லை. அப்படியே நுழைந்து போய்விட்டது.

துணி இருக்கிறதே அண்ணாச்சி, அது சத்தத்தைக் குடித்துவிடும். திருப்பி அனுப்பாது. பருத்திப் போர்வை, அதுவும் இரட்டையாகத் தைத்தது. வண்டியைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை. வீடு முழுக்க ஒரே கூடம்.

நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்கிறது. போய் எடுக்க முடியாது. குரல் கொடுக்கவும் முடியாது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் நின்றது. யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள். பிறகு அண்ணன் குரல்:

“ஏலே, உனக்கு மட்டும் வழி தெரிஞ்சிருக்கு.”

அடுத்து மதினி. “பாவம், சின்னதா இருக்கு. போ, போ, தேடுவாங்க.” போர்வைக்கு அடியில் வண்டி திரும்பி வந்தது, என் பக்கம் முகத்தைத் திருப்பிவைத்து விட்டிருந்தார்கள்.

ஜாடைப் பேச்சு உங்கள் ஊரிலும் உண்டா? இங்கே அது ஒரு கலை. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் கோழியிடம் பேசுவார்கள், துடைப்பத்திடம் பேசுவார்கள். எங்கள் தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரிகள் இரண்டு பேர், பல வருஷம் ஒரு ஆட்டை நடுவில் வைத்தே பேசினார்கள். “ஏ ஆடே, மகளைப் பொண்ணு பார்க்க வந்தாங்களாமே, சொல்லவே இல்லையே?” “ஏ ஆடே, கேக்காதவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?” ஆடு நடுவில் புல்லைத் தின்னும். அந்த ஆடு செத்த அன்றைக்கு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆட்டுக்காகத்தான், வேறொன்றும் இல்லை.

ஆக, என் வண்டியை ஆடாக்கிவிட்டார்கள். நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வண்டியை. தினமும் எப்படியும் ஒருமுறை அந்தப் பக்கம் போய்விடும். நான் வேண்டுமென்று விடுவதில்லை, பரிசோதனைக்கு விடுவேன், அது போய்விடும். உடனே ஆரம்பிப்பார்கள். “ஏ வண்டி, தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு மறந்துர்றாங்களாம், டேங்க் வழியுதாம்.” “ஏ வண்டி, மூணு வேளையும் புரோட்டாவா? வயிறு என்னத்துக்கு ஆகும்?” என் வயிற்றைப் பற்றிப் பேச இவர்கள் யார்? நான் என்ன தின்கிறேன் என்று குப்பையைக் கிளறிப் பார்த்தார்களா? மதினி ஒருநாள், “ஏ வண்டி, உங்க ஆளுக்குக் காய்ச்சல்னு மருந்துக்கடையில சொன்னாங்க, இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். எவ்வளவு குத்தல் பாருங்க. மருந்துக்கடை வரைக்கும் உளவு.

இன்னொரு விஷயம். ஆரம்பத்தில் வண்டி நேராகப் போகாது, இடதுபக்கமாக இழுத்துக்கொண்டே போகும். நான் எவ்வளவோ மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் அந்தப் பக்கம் போய்விட்டு ரொம்ப நேரம் கழித்து வந்தது. எடுத்துப் பார்க்கிறேன், இடது சக்கரம் ஆடாதபடி அதன் அச்சில் தையல் நூல் நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. என் வண்டியில் கை வைத்திருக்கிறார்கள்! அண்ணன் தீப்பெட்டி ஆபீசில், அதுதான் ஃபேக்டரியில், மெஷின் பார்க்கிறவர் என்றால் எல்லாமே அவர் மெஷின் ஆகிவிடுமா? எனக்கு வந்த கோபத்தில் அந்த நூலை அப்போதே அறுத்திருப்பேன். அன்றைக்கென்று பார்த்து வண்டி நேராகப் போக ஆரம்பித்தது. அதற்கு முந்தின நாள் நான் புரோகிராமில் ஏதோ மாற்றியிருந்தேன், அது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. சரி, ஓடுகிறதைக் கலைக்க வேண்டாம் என்று நூலையும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றைக்கே முடிவு செய்தேன். தடையைப் பார்த்தால் விலகுகிற வண்டி என்று பேர். போயும் போயும் ஒரு போர்வையிடம் தோற்பதா? மதுரைக்குப் போனேன். ஒளியை வைத்துப் பார்க்கிற சென்சார் வாங்கினேன். அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அடிக்கும், எதிரே இருப்பதில் பட்டு வெளிச்சம் திரும்பினால் நிற்கும். துணி சத்தத்தைத்தானே குடிக்கும், வெளிச்சத்தைக் குடிக்காதே. அதுவும் வெளிர் நிறப் போர்வை. ஐப்பசியில் மாட்டினேன். வண்டி போனது, போர்வைக்கு முன்னால் டக்கென்று நின்றது, திரும்பியது. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். தனியாக.

அந்தப் பக்கம் அமைதி. மறுநாளும் அமைதி. “ஏ வண்டி” என்று ஒரு சத்தம் இல்லை. நிம்மதி. வீடு வீடு மாதிரி இருந்தது. ஆனால் பாருங்க, எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நிம்மதியாக இருக்கும்போது வேலை ஓடாது, அது ஒரு குணம்.

நாலைந்து நாள் கழித்துப் பார்க்கிறேன், போர்வையின் அடியை ஒரு சாண் அளவுக்கு மடித்துத் தூக்கி, துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறார்கள். வண்டியின் உயரம் அவ்வளவுதான். எதிரே ஒன்றும் இல்லை, சர்ரென்று உள்ளே போய்விட்டது. மதினி சிரிக்கிற சத்தம். “வந்துட்டியா? எங்க போன இத்தனை நாளா?” நான் கிளிப்பைக் கழற்றி இறக்கிவிட்டேன். மறுநாள் மறுபடி தூக்கியிருந்தது. இறக்கினேன். தூக்கினார்கள். “தூக்கிவிட்டாத்தான் பெருக்க வசதி” என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார்கள். பெருக்குகிறவர்கள் பெருக்கிவிட்டு இறக்க வேண்டியதுதானே? என்னைச் சீண்ட வேண்டும், என் சென்சாரைத் தோற்கடிக்க வேண்டும், வேறென்ன? கடைசியில் நான் போர்வையின் அடியில் வரிசையாகப் பழைய போல்ட்டுகளைக் கட்டித் தைத்துவிட்டேன். கனத்துக்குக் கிளிப் நிற்கவில்லை.

இன்னொரு வாய் காபி தரட்டுமா? வேண்டாமா? சரி. ஃபேனைக் கூட்டவா? எனக்கு உட்கார்ந்தே பேச வராது, தப்பாக நினைக்காதீங்க.

கார்த்திகை பிறந்தது. அண்ணன் மாலை போட்டார். மாலை போட்டால் தெரியும் இல்லையா, எதிரே வருகிறவர் எல்லாம் சாமி. பால்காரர் சாமி, கண்டக்டர் சாமி, தெருநாயைக்கூட “தள்ளுங்க சாமி” என்பார். கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. எனக்குத் தெரிந்து அவர் நிம்மதியாக இருப்பது அந்த மாதம்தான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? குளித்துவிட்டு ஈரக் கறுப்பு வேட்டியை அந்தப் பக்கம் நின்றபடியே இந்தக் கம்பியில், போர்வைக்கு மேலேயே, என் பக்கமாகத் தொங்கவிட்டார். மாடியில் கொடி இருக்கிறது, வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்குள் எதற்குக் காயப்போட வேண்டும்? கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும் அண்ணாச்சி. என் புது சென்சாருக்குக் கறுப்பு தெரியாது. இது எப்படி அவருக்குத் தெரிந்தது? தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன். யாரிடமோ விசாரித்திருக்கிறார்.

வண்டி வேட்டியைப் பார்த்தது. நிற்கவில்லை. போய்விட்டது.

“வாங்க சாமி” என்றார் அண்ணன். “ரொம்ப நாளாச்சே சாமி. உங்க சாமி சௌக்கியமா?”

மதினி சிரிப்பை அடக்குகிறார்கள். நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.  அண்ணன் குரல் மறுபடி வந்தபோது கேலி இல்லாமல் இருந்தது.

“சாமி, ஒரு விஷயம் சொல்லணும். தீப்பெட்டி ஆபீசை மூடப் போறாங்க. இவ ஊர்ல இவ தம்பி கடை வச்சிக் குடுக்கேன்னு சொல்லுதான். தைக்கு அங்க போயிரலாம்னு இருக்கோம். இந்தப் பங்கைக் குடுத்துட்டுத்தான் போகணும். உங்க சாமிக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லச் சொல்லுங்க. இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேற வழி பார்த்துக்கிடலாம். ஒண்ணும் சொல்லலைன்னா கார்த்திகை கடைசியில புரோக்கர்கிட்ட சொல்லிருவேன் சாமி.”

வண்டி திரும்பி வந்தது. என் காலடியில் வந்து நின்று, இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது.

நான் என்ன சொல்ல முடியும்? வண்டிக்கு வாய் கிடையாது. கேட்டது வண்டியிடம். என்னிடம் கேட்டால்தானே நான் பதில் சொல்ல முடியும்? தம்பி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டாரா? இல்லையே. நான் பாட்டுக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று கத்தினால், ‘உன்னிடம் யார் கேட்டது, நான் சாமியிடம் பேசிக்கொண்டிருந்தேன்’ என்று சொல்லிவிட்டால்? பந்தியில் சிரித்த மாதிரி சிரித்துவிட்டால்?

அவர் தினமும் வேட்டியைக் காயப்போட்டார். வண்டி தினமும் போனது. “சாமி எதுவும் சொல்லிவிட்டாங்களா சாமி?” என்று தினமும் ஒருமுறை கேட்பார். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்க மாட்டார். என்னால் அதைக் கேட்க முடியவில்லை அண்ணாச்சி. தினமும் ஒரே கேள்வி என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இதோ, முன்னால் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, துடைப்பத்து ஈர்க்குச்சி. அதில் முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கிறேன். அடியில் ஒரு வளையம். எதையாவது லேசாகத் தொட்டாலும் குச்சி வளையும், கம்பி வளையத்தில் படும், வண்டி நின்றுவிடும். கறுப்போ வெளுப்போ, துணியோ சுவரோ, எதுவும் இதை ஏமாற்ற முடியாது. குச்சி முதலில் தடிமனாக இருந்தது, துணி ஒதுங்கிக் கொடுத்துவிட்டது. மெலிசாகச் சீவினேன், ஒடிந்தது. எத்தனை துடைப்பம் பாழானது! நேற்றைக்குத்தான் சரியாக வந்தது. வேட்டியைத் தொட்டது, நின்றது, திரும்பியது. பத்து முறை விட்டாலும் பத்து முறையும் திரும்பியது.

இன்றைக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

நீங்கள் வாங்கினால் முதல் வேலையாகச் சுவர் வைப்பீர்கள். வைக்கத்தான் வேண்டும், குடும்பத்தோடு வருகிறவர். சுவர் வந்துவிட்டால் எனக்கும் சௌகரியம்தான். சுவர் சத்தத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். இந்த ஈர்க்குச்சிக்கே வேலை இருக்காது.

இருங்க. பின்பக்கம் கதவுச் சத்தம். வாளி வைக்கிறார்கள். வந்துவிட்டார்கள்.

உட்காருங்க அண்ணாச்சி, இப்போதுதானே வந்திருக்கிறார்கள், கால் கழுவட்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும். அதற்குள் இதை ஓடவிட்டுக் காட்டிவிடுகிறேன். வேட்டியும் இப்போது கம்பியில் கிடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்க, நல்ல கறுப்பு. விடுகிறேன். போகிறது. போகிறது. சில சமயம் குச்சி அசந்துவிடும், அப்போது உள்ளே போனாலும் போய்விடலாம், சொல்ல முடியாது... தொட்டது. நின்றுவிட்டது. திரும்பிவிட்டது பார்த்தீர்களா?

நல்ல வண்டி.

இன்னொருமுறை விடுகிறேன். சில சமயம் முதல் ஓட்டம் சரியாக இருக்கும், இரண்டாவதில் கோட்டை விட்டுவிடும். பொறுங்க. இந்த இடத்திலிருந்து விடலாம், இங்கிருந்து வேகம் கிடைக்கும். ம். திரும்பிவிட்டது. அந்தப் போல்ட் தைத்ததும் ஒரு காரணம், இந்த மெல்லிய குச்சிக்குத் துணி ஒதுங்க மாட்டேன் என்கிறது. இன்னும் ஒரே ஒருமுறை. நீங்கள் எழுந்திருக்காதீங்க, ஒரே ஒருமுறை.

திரும்பிவிட்டது.

குரல் ஏன் உயர்கிறது என்று பார்க்கிறீர்களா? எனக்கு இயல்பாகவே மெதுவாகத்தான் பேச வரும். வண்டிச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்க வேண்டுமே என்று பேசுகிறேன். வீடு ஒழுகும் என்று சொன்னேன் இல்லையா? கரையான் உண்டு என்றும் சொன்னேன். தெருவில் கொசு. பஸ் ஸ்டாண்டும் தூரம். சொல்ல வேண்டியது என் கடமை. போய்ப் பாருங்க, நான் ஒன்றும் தடுக்கவில்லை.

கேட்டீர்களா?

அண்ணன்தான். உங்களைத்தான் கூப்பிடுகிறார், “வந்திருக்கிற சாமி” என்று. எனக்கும் கேட்டது. ‘பேசிக்கிட்டு இருக்கிறவருக்கு ஆட்சேபணை உண்டான்னு கேளுங்க சாமி’ என்கிறார். கேட்டது, கேட்டது, எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் நீங்கள் என்னிடம் கேளுங்க அண்ணாச்சி. நீங்கள் கேட்டால்தான் எனக்கு வரும். அவர் கேட்டது உங்களிடம். நீங்கள் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது? வெட்கப்படாதீங்க. வீடு பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு வேலை வாங்குகிறேனே என்று நினைக்காதீங்க. கேளுங்க.

...

கேட்டுவிட்டீர்கள். அது வந்து, எனக்கென்ன இருக்கிறது. அவர் பங்கு, அவர் இஷ்டம். அவர் பிழைப்பைப் பார்த்து அவர் போகிறார். தைக்குப் போகலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம், நான் யார் நடுவில்? நான் ஒரு பம்பரம்...

இல்லை அண்ணாச்சி, எழுந்திருக்காதீங்க. நில்லுங்க. வண்டியை அணைத்துவிடுகிறேன், சத்தம் வேண்டாம்.

இருக்கிறது.

இருக்கிறது என்று சொல்லுங்க. ஆட்சேபணை இருக்கிறதாம் என்று சொல்லுங்க. அப்படி இல்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாக. தீப்பெட்டி மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அந்த நிலைக்கதவுப் பக்கம் தள்ளி நின்று சொல்லுங்க அண்ணாச்சி, வலது காது அந்தப் பக்கம்தான் இருக்கும்.